கார்மெல் பாறைமேல் அந்தப் பச்சைக் கூரை வீடு: 1,400 சதுர அடிக்கு 180 கோடியா?

நண்டுவளை | பதிவு 1

வேலை விஷயமாகப் போன வாரம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மாண்டரே வரை போக வேண்டியிருந்தது. அரை நாள் மிச்சமானது, சரி என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கார்மெல் கடற்கரையில் தெற்கு முனை வரை நடந்தேன். மணல் முடிந்து பாறை ஆரம்பிக்கிற இடத்தில், சாலைக்குக் கடல் பக்கமாக, கப்பலின் மூக்கு மாதிரி ஒரு கல்சுவர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் பச்சைக் கூரை போட்ட ஒரு குட்டை வீடு. ஏதோ பழைய படகுக் கொட்டகை என்றுதான் முதலில் நினைத்தேன். நாயை நடத்திக்கொண்டு வந்த ஒரு பெரியவர்தான் "ஃபிராங்க் லாயிட் ரைட் வீடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறைக்கு வந்து படித்தபோதுதான் விவரம் தெரிந்தது. டெல்லா வாக்கர் என்ற அம்மையாருக்காக, புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞரான ரைட் வரைந்தது. அவர் கடிதம் எழுதிக் கேட்டது 1945-ல், வரைபடம் 1948-ல், வீடு முடிந்தது 1952-ல். ஏழு வருடம்! ரைட்டுக்கு அப்போதே எண்பதைத் தாண்டிவிட்டது. எழுபது வருடம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்து, 2023-ல் முதல் முறையாக விற்றிருக்கிறார்கள், 2.2 கோடி டாலருக்கு. அன்றைய கணக்கில் நம் பணத்தில் சுமார் 180 கோடி.

இப்போது கேள்வி. பரப்பளவு வெறும் 1,400 சதுர அடி. அண்ணா நகரில் ஒரு மூன்று பெட்ரூம் ஃபிளாட். இது இடத்தின் விலையா, ரைட் பெயருக்கான விலையா, இல்லை வீடே அப்படிப்பட்டதா? தொழிலில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். அங்கே நின்றபோது எனக்கு உறுத்தியது ஒன்றுதான், அவ்வளவு பெரிய கடலுக்கு முன்னால் அந்த வீடு ஏன் இப்படிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறது?

சித்தாள் | பதிவு 2

இடத்தின் விலைதான், இதில் என்ன சந்தேகம். அந்தப் பாறையில் நான் ஒரு பெட்டிக்கடை போட்டாலும் கோடிக்கணக்கில் போகும்.

ரைட் பெயரைக் கேட்டாலே உருகுகிறவர்களுக்கு ஒரு தகவல். அந்த மனுஷன் கட்டிய வீடுகளில் பல ஒழுகியிருக்கின்றன, இது ஊரறிந்த விஷயம். அருவிமேல் கட்டினாரே ஃபாலிங்வாட்டர், அதன் தளம் தொங்கிப்போய்ப் பிறகு இழுத்துக்கட்ட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்டவரிடம் கடல்மேல் வீடு கேட்டால் என்ன ஆகும்? நம் கொத்தனார் ஒழுகவிட்டால் சண்டைக்குப் போகிறோம், இவர் ஒழுகவிட்டால் கலை என்கிறோம்.

அரைச்சுவர் | பதிவு 3

சித்தாள் அண்ணே, ஒழுகல் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், அதில் நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முதலில் நண்டுவளையின் கடைசிக் கேள்வி. அதுதான் சரியான கேள்வி என்பது என் எண்ணம்.

டெல்லா வாக்கர் எழுதிய கடிதம் கட்டடக்கலை மாணவர்களுக்குப் பழக்கமானது. சுருக்கமாகச் சொன்னால்: நான் தனியாக வாழும் பெண், காற்றிலிருந்து பாதுகாப்பு வேண்டும், சாலையில் போகிறவர்கள் கண்ணில் படக் கூடாது, வீடு பாறை மாதிரி நிலைக்க வேண்டும், ஆனால் அலை மாதிரி ஒளி ஊடுருவுவதாகவும் இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முட்டுகிற நாலு நிபந்தனை. பாறை மாதிரி என்றால் ஜன்னல் வைக்கக் கூடாது, அலை மாதிரி என்றால் சுவரே வைக்கக் கூடாது. இப்படி ஒரு வாடிக்கையாளர் வந்தால் நான் போனை எடுக்க மாட்டேன்.

ரைட் இரண்டையும் பிரித்துக் கொடுத்துவிட்டார். சாலைப் பக்கம் முதுகு, கடல் பக்கம் முகம். நடுவில் கல்லால் கட்டிய ஃபயர்பிளேஸ், கூரைக்கு அதுதான் நங்கூரம். அதனால் கடல் பக்கம் கனமான சுவர் தேவைப்படவில்லை, வளைத்துக் கண்ணாடி போட முடிந்தது. தரைத்திட்டம் சதுரக் கட்டத்தில் கிடையாது, முக்கோணமும் அறுகோணமுமாக ஓடும் நாலடி அளவுக் கட்டம். செங்கோண மூலையே அபூர்வம். சும்மா வித்தியாசத்துக்காகச் செய்தது என்று நான் நினைக்கவில்லை. பாறை முனை முக்கோணமாகக் கடலுக்குள் குவிகிறது, வீட்டின் கோணமும் அதோடு போகிறது. சதுரப் பெட்டியை அங்கே வைத்திருந்தால் தட்டில் வைத்த சோப்பு மாதிரி இருந்திருக்கும்.

சுவருக்கு அந்த வட்டாரத்தில் கிடைக்கிற வெளிர்மஞ்சள் கார்மெல் கல். ரைட் அந்த வீட்டைப் பாறைமேல் ஒரு குடில் என்றுதான் குறிப்பிட்டார். மாளிகை என்று எங்கும் சொன்னதில்லை. தொடக்கத்தில் சுமார் 1,200 சதுர அடி, பிறகு கொஞ்சம் சேர்த்தார்கள்.

நண்டுவளை | பதிவு 4

ஆமாம், சாலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் வாசல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கூரை மட்டும்தான் கண்ணுக்குப் பட்டது.

ஆனால் அந்தக் கண்ணாடி எனக்குப் புரியவில்லை. நேராக நிற்கவில்லை. கீழே உள்ளே தள்ளியும் மேலே போகப் போக வெளியே தள்ளியும், படிக்கட்டைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது. எதற்கு?

அரைச்சுவர் | பதிவு 5

அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான், கேட்டதற்கு நன்றி.

கடலோர வீட்டில் ஜன்னல் திறந்தால் என்ன ஆகும்? காற்று நேராக முகத்தில் அறையும். காற்றோடு உப்புத்துளி, அதோடு மணல். திறக்காவிட்டால் உள்ளே புழுக்கம். இந்த ஜன்னலில் கண்ணாடி மூன்று நாலு பட்டையாக இருக்கிறது, ஒவ்வொரு மேல்பட்டையும் கீழ்ப்பட்டையைவிட வெளியே நிற்கிறது. இரண்டு பட்டைக்கும் நடுவில் கிடையாக ஒரு சின்ன விளிம்பு வருகிறதே, திறப்பு அங்கேதான் இருக்கிறது. காற்று முன்பக்கமாக வராமல் அடியிலிருந்து மேலே ஏறி வரும். அலை தெறித்தாலும் நீர் கீழேயிருந்து மேலே போய்த் திறப்புக்குள் நுழைவது கஷ்டம். நிமிர்ந்து பார்த்தால் முழுக் கண்ணாடி, காற்று மட்டும் காலடியில் இருந்து வருகிறது.

சன்ஷேடுக்கு அடியில் வெண்டிலேட்டர் வைப்பது நமக்குத் தெரிந்த சமாசாரம்தான். ஆனால் அதையே சுவரின் வடிவமாக ஆக்கிவிட்டார் பாருங்கள், அதற்குத்தான் நான் தொப்பியைக் கழற்றுகிறேன். இன்னொரு லாபம், மழைநீர் ஒவ்வொரு படியிலிருந்தும் அடுத்த கண்ணாடியைத் தொடாமல் சொட்டிவிடும்.

சித்தாள் | பதிவு 6

கண்ணாடியை யார் துடைப்பது? இதைச் சொல்லுங்கள் முதலில். மெரினா பக்கம் கார் நிறுத்தினாலே அரை மணி நேரத்தில் கண்ணாடி மங்கிவிடுகிறது. படிப்படியாக வெளியே தள்ளிய கண்ணாடியை வெளிப்பக்கம் துடைக்க ஏணியைப் பாறைமேல் சாய்த்து எவனாவது ஏற வேண்டும்.

(வாசல் தெரியாத வீட்டில் கூரியர்காரன் படும் பாடு தனி.)

உப்புக்காற்று | பதிவு 7

இருபது வருடமாகத் துறைமுக வேலைகளில் துருவோடு மல்லுக்கட்டுகிறவன் நான், ரைட்டைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் இந்த வீட்டின் கூரைக் கதை என் தொழிலுக்குள் வருகிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ரைட் கேட்டது செம்புத் தகடு. கட்டுமானம் நடந்த சமயம் கொரியப் போர், அமெரிக்காவில் செம்புக்குக் கட்டுப்பாடு, கிடைக்கவில்லை. சரி என்று இரும்புத் தகட்டின்மேல் நீலப்பச்சை எனாமல் சுட்ட தகடுகளைப் போட்டார்கள். சில ஆண்டுகள்தான், ஒழுக ஆரம்பித்துவிட்டது. ஐம்பதுகளின் நடுவிலேயே பிரித்துவிட்டுச் செம்பு போட்டார்கள். நீங்கள் பார்த்த பச்சை அந்தச் செம்பின் பச்சை.

எனாமல் என்றால் என்ன? பழைய வெள்ளைப் பீங்கான் தட்டு வீட்டில் இருந்திருக்கும், உள்ளே தகரம், மேலே கண்ணாடிப் பூச்சு. அந்தத் தட்டு எங்கே துருப்பிடிக்கும்? நடுவில் பிடிக்காது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும், அங்கேதான் கறுப்பாக ஆரம்பிக்கும், பிறகு பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். கூரையில் அப்படி எத்தனை விளிம்பு, எத்தனை ஆணி ஓட்டை, எத்தனை மூட்டு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் முக்கோணக் கட்டம் வேறு, வெட்டு அதிகம், மூட்டு அதிகம். வெயிலில் தகடு விரியும், பனிமூட்டம் வந்தால் சுருங்கும், பூச்சு கண்ணாடி ஆயிற்றே, வளையாது. தண்ணீர் உள்ளே வரத் தலைமுடி அளவு போதும். சித்தாள் சொல்கிற ஒழுகலுக்கு ரைட் ஒரு பங்கு பொறுப்பு, போரும் செம்புத் தட்டுப்பாடும் இன்னொரு பங்கு.

செம்பு ஏன் தாங்குகிறது என்றால் அது துருப்பிடிக்காமல் இருப்பதால் இல்லை. நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் அந்தக் களிம்பே ஒட்டிக்கொண்டு மேல்தோலாக நின்று அடியில் இருப்பதைக் காக்கிறது. இரும்புத்துரு அப்படி இல்லை, ஊதும், உரியும், அடுத்த அடுக்கைத் திறந்துவிடும். உப்பங்காற்றில் செம்பு சீக்கிரமே பச்சையாகும், கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊர் என்றால் பழுப்பிலேயே பல வருடம் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை, யாராவது ஆசைப்பட்டுச் செம்புக் கூரை போடுவதாக இருந்தால். ஆணியும் செம்பாக இருக்க வேண்டும். இரும்பு ஆணி அடித்தால் உப்பீரத்தில் இரண்டும் பேட்டரி மாதிரி வேலை செய்து ஆணியைத் தின்றுவிடும். செம்பின் மேல் ஓடி வருகிற மழைநீர் கீழே ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது அலுமினியக் குழாயில் விழுந்தால் அதையும் அரிக்கும்.

மொட்டைமாடி | பதிவு 8

உப்புக்காற்று சார், நீங்கள் எனக்குப் பத்து வருடம் முன்னால் கிடைத்திருக்க வேண்டும்.

ஈசிஆரில் அப்பா கட்டிய வீடு, கடலிலிருந்து முந்நூறு மீட்டர் இருக்கும். மாடிக் கைப்பிடிக்கு 316 ஸ்டீல் (மாலிப்டினம் கலந்த, உப்பைக் கூடுதலாகத் தாங்கும் எவர்சில்வர் ரகம்) என்று சொல்லி ஒருவர் போட்டுவிட்டுப் போனார், பில்லிலும் 316 என்றுதான் இருந்தது. பத்தே மாதம், டீ சிந்திக் காய்ந்த மாதிரி பழுப்புத் திட்டு. அம்மா வாரா வாரம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தார், மறுபடி வரும். கடைசியில் ஒரு நண்பன் மாலிப்டினம் சொட்டு மருந்து கொண்டுவந்து விட்டுப் பார்த்தான், நிறம் மாறவே இல்லை, மாலிப்டினம் கலக்காத 304. போட்டவரிடம் கேட்டால் "சார், கடல் காத்துக்கு எதுவும் நிக்காது" என்று தத்துவம் பேசினார். ஜன்னல் கிரில் மூன்று தடவை மாற்றியாயிற்று. இப்போது பால்கனியில் கிரிலே கிடையாது, தேக்குச் சட்டம்தான்.

இதைப் படிக்கிறவர்கள் யாரும் பில்லை நம்பாதீர்கள், சொட்டு விட்டுப் பாருங்கள்.

உப்புக்காற்று | பதிவு 9

தேக்கு நல்ல முடிவு. ஸ்டீல்தான் வேண்டும் என்றால் 316-ஐயும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், கழுவாமல் விட்டால் அதுவும் பழுக்கும். மழை படாத இடத்தில்தான் முதலில் பழுக்கும், கவனித்திருப்பீர்கள், கைப்பிடியின் அடிப்பக்கம். மழையே கழுவிவிடும் மேல்பக்கம் பளபளவென்று இருக்கும்.

கான்கிரீட்டும் அப்படித்தான். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதுதான் ஆயுள். கான்கிரீட்டுக்கான நம் ஐஎஸ் 456 விதிப்படி கடலோரம் என்றால் 45 மில்லிமீட்டர், கடல் தெறிக்கிற இடம் என்றால் 50. தளத்தில் போய்ப் பாருங்கள், கம்பியை விலக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த ஜல்லியை முட்டுக்கொடுத்திருப்பார்கள், 15 இருந்தால் அதிசயம். கார்மெல் வீட்டில் கடலைப் பார்த்து நிற்பது கல். உப்பு உள்ளே போய்த் தின்ன அதில் கம்பி இல்லை. சொல்லப்போனால் அந்த வீட்டின் மிகப் பழைய தொழில்நுட்பம்தான் மிக நன்றாக நிற்கிறது.

வடகாற்று | பதிவு 10

கல் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதே கார்மெல் முனையில், நடந்து போகிற தூரத்தில், ராபின்சன் ஜெஃபர்ஸ் என்ற கவிஞர் 1919-ல் கட்டிய டார் ஹவுஸ் இருக்கிறது. வீடு கட்டவந்த கொத்தனாரிடம் கூலியாளாகச் சேர்ந்து வேலை கற்றுக்கொண்டு, பிறகு கடற்கரையிலிருந்து கருங்கல்லை உருட்டி மேலே கொண்டுவந்து பக்கத்தில் ஒரு கோபுரத்தைத் தன் கையாலேயே கட்டினார். அது எழும்பி நிற்கிற வீடு. சின்னச் சின்ன ஜன்னல், கனத்த சுவர், காற்றை எதிர்த்துத் தோள் கொடுக்கிற மாதிரி.

முப்பது வருடம் கழித்து அதே பாறை வரிசையில் ரைட் வந்து குனிந்து உட்காரும் வீடு கட்டுகிறார். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம், பார்த்தால் நண்டுவளையின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அரைச்சுவர் | பதிவு 11

அருமை, ஜெஃபர்ஸை மறந்துவிட்டேன்.

இந்த நேரத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். பாறைக் கடலோரம் என்று வந்தால் எனக்கு வாக்கர் வீட்டைவிடப் பிடித்தது ஸீ ராஞ்ச். சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே நூறு மைல் போல, சோனோமா கடலோரம், பத்து மைல் நீளத்துக்குப் பாறை விளிம்பு. முன்பு ஆடு மேய்ந்த நிலம். லாரன்ஸ் ஹால்ப்ரின் என்ற நிலவடிவமைப்பாளர் அங்கேயே தங்கிக் காற்று எப்படி அடிக்கிறது என்று பார்த்தார். ஆட்டுக்காரர்கள் காற்றுத்தடுப்புக்கு நட்ட சைப்ரஸ் மர வரிசைகள் காற்றில் சீவப்பட்டு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. வீட்டுக் கூரையையும் அந்தச் சரிவிலேயே போடச் சொன்னார்.

1965-ல் சார்லஸ் மூர், டான்லின் லிண்டன், வில்லியம் டர்ன்புல், ரிச்சர்ட் விட்டேகர் நாலு பேரும் சேர்ந்து கட்டிய முதல் தொகுப்பு, பத்து வீடு, ஒரே உடம்பு மாதிரி ஒட்டி நிற்கும். தடித்த மரத்தூண், வெளியே வர்ணம் பூசாத ரெட்வுட் மரப் பலகை, நாளாக நாளாகச் சாம்பல் நிறம். கூரைக்கு வெளிநீட்டமே கிடையாது! தெரியாமல் விட்டதில்லை, நீட்டினால் காற்று அடியில் புகுந்து தூக்கும், சுழலும்.

ரைட் ஒரு அம்மையாருக்கு ஒரு பாறையைக் கொடுத்தார். இவர்கள் ஒரு கடற்கரையில் எங்கே கட்டக் கூடாது என்று முதலில் முடிவு செய்துவிட்டு மிச்சத்தில் கட்டினார்கள். வீடுகளை மர வரிசையோரம் ஒதுக்கிப் புல்வெளியைப் பொதுவாக விட்டார்கள்.

சித்தாள் | பதிவு 12

பொதுவாக விட்டார்களா? யாருக்குப் பொது? அங்கே வீடு வாங்கியவனுக்கு. பத்து மைல் கடற்கரையையும் அடைத்துவிட்டார்கள் என்றுதானே கலிபோர்னியாவில் அவ்வளவு கலாட்டா நடந்தது.

அரைச்சுவர் | பதிவு 13

இது நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1972-ல் மக்கள் வாக்கெடுப்பில் கடலோர ஆணையம் வந்தது. 1976-ல் நிரந்தரச் சட்டம். ஸீ ராஞ்சில் பல வருடம் புது வீடு கட்டுவது முடங்கிப்போய், 1980-ல் பொதுமக்கள் கடலுக்கு இறங்கப் பாதைகள் விட்ட பிறகுதான் தீர்ந்தது. அழகாகக் கட்டிவிட்டதால் அடைத்ததை மன்னிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

இதிலிருந்து 180 கோடிக்கும் ஒரு பதில் வருகிறது. இன்றைக்கு அந்த மாதிரிப் பாறையில், சாலைக்குக் கடல் பக்கமாக, புதிதாக ஒரு வீட்டுக்கு அனுமதி கேட்டுப் பாருங்கள், கோப்பு தூசி படிந்துகொண்டே இருக்கும். இன்னொன்று கட்ட முடியாது. அதோடு இந்த வீடு 1977 முதல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேடு மட்டுமே தனியார் வீட்டை இடிக்கத் தடை போடாது, ஆனால் அனுமதிச் சிக்கலையும் சேர்த்துப் பார்த்தால், வாங்கியவர் அதைத் தள்ளிவிட்டு ஐந்து மாடி கட்டுவது நடக்காத காரியம். சின்ன வீடாகவேதான் வைத்திருக்க வேண்டும். 2.2 கோடி டாலர் கொடுத்துவிட்டுக் குனிந்தே இருக்க வேண்டும்.

மொட்டைமாடி | பதிவு 14

நம் ஊரில் இந்த மாதிரி முடியுமா? முட்டம் பக்கம் பாறை எல்லாம் பார்த்தால் கை துறுதுறுக்கிறது.

உப்புக்காற்று | பதிவு 15

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி 1991 முதல் இருக்கிறது. ஓதக்கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை அதன் பிடியில் வரும். ஊரகக் கடலோரத்தில் கடலை ஒட்டிக் கட்டுமானமே கூடாத பகுதி என்று தனியாக உண்டு, மக்கள் அடர்ந்த இடத்துக்கு 2019 அறிவிப்பில் அதை 50 மீட்டராகக் குறைத்தார்கள், மற்ற இடத்துக்கு 200. முட்டத்தில் பாறை நுனியில் வாக்கர் வீடு என்பதெல்லாம் கனவு. அங்கே வலை காயவைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கே அந்தப் பாறை வேண்டும்.

அரைச்சுவர் | பதிவு 16

கை துறுதுறுக்கிறவர்கள் யூட்ஸான் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிட்னி ஓபெரா ஹவுஸ் வரைந்தாரே, அந்த டென்மார்க்காரர். 1966-ல் சண்டை போட்டு வேலையை விட்டு வந்தவர், ஸ்பெயினின் மயோர்காத் தீவில் கடல் விளிம்பில் தனக்கென்று ஒரு வீடு கட்டினார், எழுபதுகளின் தொடக்கம். மனைவி லிஸ் பெயரில் கான் லிஸ். அந்தத் தீவின் வெளிர்நிற மணற்கல், வெட்டிய சுவடுகூட மறையாமல் அப்படியே. ஒரே வீடு என்று சொல்ல முடியாது, தனித்தனிக் கூடங்கள். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போக வெளியே வந்துதான் போக வேண்டும்.

ஜன்னல் சட்டத்தைச் சுவரின் வெளிப்பக்கம் பொருத்தியிருக்கிறார். உள்ளே இருந்து பார்த்தால் சட்டமும் தெரியாது கண்ணாடியும் தெரியாது, கல்லில் ஒரு ஓட்டை, அதில் கடல். சுவரில் உயரத்தில் ஒரு கீற்று விட்டிருக்கிறார், மாலையில் கொஞ்ச நேரம் மட்டும் சூரியக்கதிர் அதன் வழியாக விழுந்து சுவரில் சரிந்து நகர்ந்து போய்விடும்.

இவ்வளவும் செய்த மனிதர் இருபது வருடம் கழித்து வீட்டைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு அதே தீவில் உள்ளே மலைப் பக்கம் வேறு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். கடல் வெளிச்சம் கண்ணை உறுத்தியது, எட்டிப்பார்க்க வரும் ரசிகர்கள் தொல்லை வேறு. கடலுக்கு அவ்வளவு திறந்துவைத்தவருக்கே முடியவில்லை. டெல்லா அம்மா சாலைக்கு முதுகு காட்டச் சொன்னது எவ்வளவு விவரமான கோரிக்கை என்று அதைப் படித்தபோதுதான் தோன்றியது.

வடகாற்று | பதிவு 17

இந்த ஓரத்திலிருந்து ஒன்று. வாக்கர் வீட்டை மிட்-செஞ்சுரி (இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் பாணி) என்று சொல்லலாமா? தட்டைக் கூரை, ஸ்டீல் தூண், கண்ணாடிப் பெட்டி என்பதுதானே அந்த வகை. ரைட் அந்தக் கும்பலையே திட்டிக்கொண்டிருந்தவர்.

அரைச்சுவர் | பதிவு 18

வருடக் கணக்கில் பார்த்தால் நூற்றாண்டின் நட்டநடு, அதனால் சொல்கிறார்கள். மனசளவில் அவர் வேறு கட்சிதான். ஒப்பிட வேண்டும் என்றால் 1949-ல் வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதி லாஸ் ஏஞ்சலிஸில் கடலைப் பார்த்த மேட்டில் கட்டிய வீடு. முதல் வரைபடத்தில் வீடு புல்வெளியின் மேல் பாலம் மாதிரி கடலை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. ஸ்டீல் வந்து சேரத் தாமதம், அதற்குள் அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு அவர்களுக்கு அந்த இடமே பிடித்துப்போய், வீட்டை யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். பொருள் வேறு, கட்சி வேறு, ஆனால் கடலுக்கு முன்னால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற புத்தி இரண்டு வீட்டுக்கும் வந்திருக்கிறது.

வகைப்பெயரை விட்டுவிடலாம், எனக்கு அதில் ஆர்வம் இல்லை. ரியல் எஸ்டேட்காரர்கள் இப்போது சாய்ந்த கூரை இருந்தாலே மிட்-செஞ்சுரி என்கிறார்கள்.

சித்தாள் | பதிவு 19

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஜன்னல் விஷயம் நல்ல வேலை. கல்லும் நல்ல வேலை. ஆனால் கூரையைப் பற்றி ஒன்று சொல்லியே தீருவேன்.

உப்புக்காற்று சொன்னதைத் திரும்பப் படியுங்கள். கட்டி நாலைந்து வருடத்துக்குள் கூரையையே பிரித்து மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது யார்? வீட்டுக்காரர். எழுபது வருடம் கண்ணாடி துடைத்தது, மரத்துக்கு எண்ணெய் போட்டது, மூட்டுக்கு மூட்டு சீலன்ட் அடைத்தது யார்? அந்தக் குடும்பமும் அவர்கள் கூப்பிட்ட வேலையாட்களும். பெயர் மட்டும் ரைட்டுக்கு. நான் சைட்டில் வேலை பார்த்து வளர்ந்தவன், கட்டியவன் பெயரைவிடப் பராமரித்தவன் பெயர்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

அரைச்சுவர் | பதிவு 20

பராமரித்தவர்கள் பெயர் தெரியாது, ஆனால் கட்டியவர்கள் பெயர் பதிவில் இருக்கிறது. தளத்தில் நின்று மேற்பார்வை பார்த்தது ரைட்டின் சீடர் வால்டர் ஓல்ட்ஸ். கட்டியவர் மைல்ஸ் பெய்ன் என்ற ஒப்பந்ததாரர். முக்கோணக் கட்டத்தில் கல் வேலையும் மர வேலையும் பிசகாமல் சேர்ப்பது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்கே தெரியும் அண்ணே, ஒரு மூலை அரை இன்ச் தப்பினால் கடைசி மூலையில் கை நுழையும்.

சித்தாள் | பதிவு 21

60 டிகிரி மூலைக்குக் கல் செதுக்கினவனுக்கு என் சார்பில் ஒரு டீ.

நண்டுவளை | பதிவு 22

எல்லோருக்கும் நன்றி, ஒரு கேள்வி போட்டுவிட்டுத் தூங்கப் போனேன், வந்து பார்த்தால் இவ்வளவு.

அன்று எடுத்த படங்களை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். பாதிப் படம் மங்கல், மூடுபனி என்று நினைத்திருந்தேன். போன் கேமராவின் கண்ணாடியை இப்போது விரலால் தேய்த்தால் நறநறவென்று உப்பு. ஒன்றரை மணி நேரம்தான் அங்கே இருந்தேன்.

அடுத்த மாதம் திரும்பவும் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது. நீர் வற்றுகிற நேரம் பார்த்துப் பாறைக்குக் கீழே போய், அந்த ஜன்னல் படிகளின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்க்கிறேன். திறந்திருந்தால் படம் போடுகிறேன். டார் ஹவுஸும் பார்த்துவிட்டு வருகிறேன்.

சித்தாள் | பதிவு 23

போடுங்கள். கண்ணாடி துடைக்கிறவன் யாராவது அகப்பட்டால் ஏணி எங்கே சாய்க்கிறான் என்று கேட்டு வாருங்கள்.